ஆணியில் தொங்கும் வால்வு

சண்டை போட்டே என்னைப் பழக்கிவிட்டு, பேச்சு முடியும் முன்னே எழுந்து போய்விட்ட என் அன்புச் சகலைக்கு,

நலமா என்று கேட்க வாய் வரவில்லை. நான் நலம் என்று சொன்னால் அது பொய். அதனால் நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். உங்கள் வண்டியின் இன்ஜினில் நான் கை வைத்துவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால் ஸ்பேனரைப் பிடுங்கியிருப்பீர்கள். பிடுங்க ஆள் இல்லாததால்தான் வைத்தேன்.

முதலில் வீட்டு நிலவரம். ஸ்டெல்லா எங்கள் சின்ன மகளின் பிரசவத்துக்குக் கனடா போனவள் இன்னும் திரும்பவில்லை. வாட்ஸப்பில் முகம் காட்டுவாள், "சாப்டீங்களா?" என்பாள், அதற்குள் குழந்தை அழும், போய்விடுவாள். அவளைக் குறை சொல்லவில்லை. ஆனால் கிழக்குத் தாம்பரத்தில் இந்த வீட்டில் இப்போது என்னிடம் பேசுகிற ஒரே ஜீவன் பிரஷர் குக்கர்தான். அதுவும் மூன்று விசிலோடு நிறுத்திக்கொள்கிறது.

மற்ற நாட்களை எப்படியோ தள்ளிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைதான் தள்ள முடியவில்லை. சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் நீங்கள் லுங்கிக்கு மாறி போர்ட்டிகோவில் பானெட்டைத் தூக்குவீர்கள். உங்கள் தெருவில் கார் நுழையாது என்பதால் அது என் வீட்டிலேயே நின்றது. வண்டி உங்களுடையது, இடம் என்னுடையது, தரையில் விழுந்த எண்ணெய்க் கறை இரண்டு பேருக்கும் பொது. அக்காவை நீங்களும் தங்கையை நானும் கட்டிக்கொண்டதால் சகலைகள் ஆனோம் என்று ஊர் சொல்லும். எனக்கென்னவோ அந்தக் கறைதான் நம்மை உறவாக்கியது என்று தோன்றுகிறது.

நீங்கள் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் போர்மேன். நான் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் தெர்மாமீட்டர்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தவன். ஆகவே ஸ்பேனர் உங்கள் கையில், டார்ச் என் கையில். அதையும் நான் ஒழுங்காகப் பிடித்ததில்லை என்பது உங்கள் கட்சி.

"இன்ஜின் இங்க கீது சகலை. நீ இன்னாத்துக்கு மாமரத்துக்கு வெளிச்சம் காட்டிக்கினு கீற?"

இந்த வாக்கியத்தைக் கேட்க இப்போது என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

நம் பெரிய சண்டை உங்களுக்கு மறந்திருக்காது. தெர்மோஸ்டாட். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு வால்வு. இன்ஜின் தேவையான அளவு சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடிக்கொண்டிருக்கும். சூடு வந்ததும் தானே திறந்து வழிவிடும். ஒரு கோடையில் அது மூடினபடியே மாட்டிக்கொண்டு வண்டி கொதித்தது. நம்மூர் மெக்கானிக்குகள் காலங்காலமாகச் செய்வதையே நீங்களும் செய்தீர்கள். புதிது வாங்கிப் போடாமல், அதைக் கழற்றி எடுத்துவிட்டு, வெறும் ஓட்டையை மூடி போல்ட்டை முறுக்கிவிட்டீர்கள்.

"குளிர் நாட்டுக்காரன் இன்ஜின் சீக்கிரம் சூடாவணும்னு வெச்சான் சகலை. நம்மூர்ல இன்ஜின் காலைல கண்ணு முழிக்கசொல்லவே வேர்த்துக்கினு கீது. அதுக்கு எதுக்கு இந்தக் கதவு?"

நான் விடவில்லை. இன்ஜினுக்கும் உடம்பு மாதிரி ஓர் அளவுச் சூடு உண்டு, அதற்குக் கீழே ஓடினால் பெட்ரோலைக் குடிக்கும், சீக்கிரம் தேயும் என்றேன். படம் வரைந்து காட்டினேன். நீங்கள் அந்தக் காகிதத்தில் கை துடைத்தீர்கள். கழற்றிய வால்வை போர்ட்டிகோ சுவரில், கோயில் காலண்டருக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து மாட்டினீர்கள். தண்ணீர் கேன் போட வருகிறவர் முதல் ஜெபக்கூட்டத்துக்கு வருகிறவர்கள் வரை எல்லாரிடமும் அதைக் காட்டி, "இது இல்லாமத்தான் நம்ம வண்டி ஓடுது, வாத்தியார்தான் நம்பமாட்டேங்கிறார்" என்பீர்கள். நான் வாத்தியாரே இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும்.

அதிலிருந்து எத்தனையோ ஞாயிறுகள். நான் ஒரு காரணம் சொல்வேன், நீங்கள் ஒரு கிண்டல் சொல்வீர்கள். உள்ளேயிருந்து ரோஸ் அக்கா, "ரெண்டு கிழங்களும் சாப்பிட வருதா இல்லையா?" என்று கத்துவார்கள். கறிக்குழம்பு ஆறிப்போகும்.

பொங்கல் கழிந்த வாரம் நீங்கள் போய்விட்டீர்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை ஆம்புலன்ஸ் வந்து தூக்கிப்போனது. வண்டி என் போர்ட்டிகோவிலேயே நின்றது. உங்கள் மகன் அருள் அக்காவை மேடவாக்கத்தில் தன் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்துப்போனான். "வண்டி இருக்கட்டும் சித்தப்பா, நீங்க ஓட்டுங்க" என்றான். நல்ல பிள்ளை. உங்களைப்போல் பேச மாட்டான், அவ்வளவுதான்.

நானும் ஓட்டினேன். எங்கே போக? தாம்பரம் சானடோரியம் வரை போய்த் திரும்புவேன். பக்கத்து சீட்டில் உங்கள் பழைய துண்டு கிடக்கும். அதை எடுக்க மனம் வரவில்லை. வீட்டுக்குள் ஒருவரும் இல்லை என்பது தெரிகிறது. வண்டிக்குள் உட்கார்ந்தால் அவ்வளவாகத் தெரிவதில்லை. இதை அருளிடம் எப்படிச் சொல்வது?

போன மாதம் அக்காவை உங்கள் கல்லறைக்கு அழைத்துப்போகும்போது, பெருங்களத்தூர் நெரிசலில் இன்ஜின் சூட்டைக் காட்டும் ஊசி சிவப்பைத் தொட்டது. பானெட்டிலிருந்து ஆவி. லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான், வெயில் மண்டையைப் பிளக்கிறது, அக்கா தடுப்புச் சுவர் ஓரமாக முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அருள் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போனான். "இனிமே இந்த வண்டில நான் ஏறமாட்டேன் தம்பி" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். கல்லறைக்கு அன்று போகவில்லை.

அருள் போனில் சொன்னான். "சித்தப்பா, பழைய கார் எடுக்கிறவர் ஒருத்தர்கிட்ட பேசிட்டேன். சனிக்கிழமை வர்றாராம். உங்களுக்கும் ரிஸ்க் எதுக்கு?"

"சனிக்கிழமை நீயே முதல்ல வந்து ஓட்டிப் பாரு. கொதிச்சா குடுத்துடலாம்" என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது.

கேம்ப் ரோட்டு மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். அவர் குனிந்து, நிமிர்ந்து, பீடியைத் தேடிக்கொண்டே சொன்னார். "ஃபேன் ஓடுது, பம்பு நல்லா கீது, ஒழுகலும் இல்ல. தெர்மோஸ்டாட் தொறக்காம மாட்டிக்கினு இருக்கும் சார்."

"அது வண்டியிலயே இல்லப்பா. எங்க வீட்டு சுவத்துல தொங்குது."

"அப்ப சுவத்தைத்தான் ரிப்பேர் பண்ணணும்" என்றார். "அடுத்த வாரம் வண்டிய வுடுங்க சார், பாக்கலாம். இந்த வாரம் ஃபுல்லா வேலை."

அடுத்த வாரம் வரை யார் காத்திருப்பது? சனிக்கிழமை வண்டி போய்விடுமே. புது தெர்மோஸ்டாட் ஒன்றும், மூடி ஒழுகாமல் அடைக்கிற கேஸ்கட்டும், ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் கேனும் வாங்கிக்கொண்டு வந்தேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் குஷியாகவும் இருந்தது. வால்வு இல்லாமல் தண்ணீர் கண்டபடி ஓடித்தான் வண்டி கொதிக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். புதிதை மாட்டி, வண்டி சரியாகிவிட்டால், இத்தனை வருட வழக்கில் தீர்ப்பு எனக்குத்தானே!

வியாழக்கிழமை காலை, இன்ஜின் நன்றாக ஆறியிருந்தபோது, உங்கள் ஸ்பேனர் டப்பாவைத் திறந்தேன். ரேடியேட்டர் தண்ணீரை அடியில் பக்கெட் வைத்து இறக்கினேன். பாதி பக்கெட்டில், மீதி என் காலில். பச்சை நிறக் கூலன்ட் விஷம், பூனை நக்கிவிடக் கூடாது என்று நீங்கள் உடனே கழுவிவிடுவது நினைவு வந்து நானும் கழுவினேன். ரேடியேட்டரின் மேல் ஹோஸ், அந்த ரப்பர் குழாய், இன்ஜினில் சேருகிற இடத்தில்தான் தெர்மோஸ்டாட் ஓட்டையின் மூடி. இரண்டு போல்ட். ஒன்று சொன்ன பேச்சு கேட்டது. இன்னொன்று துருவேறி உங்களைப்போல் முரண்டு பிடித்தது. எண்ணெய் விட்டுக் காத்திருந்தேன்.

டார்ச்தான் பெரிய தொல்லை. பேட்டரி மேல் வைத்தால் உருண்டது. அக்குளில் இடுக்கினால் கை நீட்ட முடியவில்லை. கடைசியில் வாயில் கவ்விக்கொண்டேன். எச்சில் ஒழுகியது. அப்போதும் வெளிச்சம் எங்கேயோதான் விழுந்தது. ஒரு டார்ச்சைப் பிடிக்க இந்த உலகத்தில் எனக்கு ஒருவரும் இல்லை என்பது அந்த நேரத்தில் தெரிந்த அளவு, உங்கள் அடக்கத்தன்றுகூடத் தெரியவில்லை.

மூடி கழன்று வந்தது. வெறும் ஓட்டையை எதிர்பார்த்து எட்டிப் பார்த்தேன்.

உள்ளே ஒரு தெர்மோஸ்டாட் இருந்தது.

டார்ச் வாயிலிருந்து விழுந்துவிட்டது. எழுந்து போய்ச் சுவரைப் பார்த்தேன். நீங்கள் மாட்டிய பழைய வால்வு ஆணியில் அப்படியே, ஒட்டடையோடு தொங்குகிறது. திரும்பி வந்து பார்த்தேன். இதுவும் இருக்கிறது. அப்படியென்றால் இது வேறு. நீங்கள் அப்புறம் எப்போதோ ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறீர்கள். என் கட்சிதான் சரி என்று ஒத்துக்கொண்டு மாட்டியிருக்கிறீர்கள்!

"ஜெயிச்சுட்டேன் சகலை!" என்று சத்தமாகவே கத்தினேன். கத்திக்கொண்டே பக்கத்தில் திரும்பினேன். துணி காயும் கொடிதான் இருந்தது. என்ன ஜெயிப்பு இது? கேட்க ஆள் இல்லாத வீட்டில் ஜெயித்து யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது?

ஆய்வகத்துப் புத்தி போகாதே. ஸ்டெல்லாவின் பால் பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஆணியில் இருந்தது, இன்ஜினில் இருந்தது, புதிது, மூன்றையும் உள்ளே போட்டேன். (பாத்திர விஷயம் அவளுக்குத் தெரிய வேண்டாம்.) புதிது கொட்டாவி விடுகிற மாதிரி மெல்லத் திறந்தது. மற்ற இரண்டும் அசையவில்லை. நீங்கள் ரகசியமாகப் பொருத்தியதும் வயதாகி, திறக்காமல் மாட்டிக்கொண்டுவிட்டது. பெருங்களத்தூரில் வண்டி கொதித்ததும் அதனால்தான். அந்த மெக்கானிக் சொன்னது சரி.

அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். சந்தோஷம் போய்க் கோபம் வந்தது. ஏன் சொல்லவில்லை? ஒரு வார்த்தை, "நீ சொன்னதுதான் சரி" என்று சொன்னால் குறைந்தா போய்விடுவீர்கள்? ஒருமுறை, வால்வு இல்லாத வண்டியில் கீழேயே கிடக்க வேண்டிய ஊசி நடுவில் நிற்பதைப் பார்த்து நான் கேட்டபோது, "வெயில் ஜாஸ்தி சகலை" என்றீர்களே. அது எவ்வளவு பெரிய புளுகு!

அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, வண்டிக்குள்ள தெர்மோஸ்டாட் இருக்கு."

அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது. "கண்டுபிடிச்சிட்டீங்களா தம்பி?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"நான்தானே டார்ச் புடிச்சேன்."

நானும் ஸ்டெல்லாவும் வேளாங்கண்ணிக்குப் போயிருந்த வாரமாம். செடிக்குத் தண்ணீர் ஊற்றக் கொடுத்துவிட்டுப் போன சாவியால் கேட்டைத் திறந்து, அக்காவையும் அழைத்துவந்து மாட்டினீர்களாம். வண்டி பெட்ரோலை ஏகத்துக்குக் குடிக்கிறது, ஊசி மேலே ஏறுவதே இல்லை, சகலை சொன்னதில் விஷயம் இருக்கிறது என்றீர்களாம்.

"அப்புறம் ஏன்க்கா எங்கிட்ட சொல்லலை?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'சொல்லிட்டா அப்புறம் ஞாயித்துக்கிழமை நானும் அவனும் இன்னா பேசறது ரோஸு? அவனுக்குத் தானா பேச வராது. வம்புக்கு இழுத்தாத்தான் வாயைத் தொறப்பான்'னாரு. அந்த ஆணியில இருக்கறதைக் கழட்டவே கூடாதுன்னும் சொன்னாரு."

தோற்றுப்போன வழக்கை, தோற்றது தெரிந்தே, வாராவாரம் வந்து வாதாடியிருக்கிறீர்கள். நான் வாய் திறக்க வேண்டும் என்பதற்காக. நான் பேசத் தெரியாதவன் என்பதை எனக்கு முன்னே நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்களா? அத்தனை கிண்டலும் அதற்குத்தானா? போனைக் காதில் வைத்தபடியே அழுதேன், சகலை. அடக்கத்தன்று எல்லாரும் இருந்ததால் அடக்கிக்கொண்டதெல்லாம் அன்று வந்தது.

அக்கா காத்திருந்தார்கள். பிறகு, "இப்ப டார்ச் யாரு புடிக்கிறா தம்பி?" என்றார்கள்.

"வாயில கவ்விக்கிட்டேன்க்கா."

மிச்ச வேலையை முடித்தேன். பழைய கேஸ்கட்டைச் சுரண்டி எடுத்தேன். புது வால்வை அதன் ஸ்பிரிங் இன்ஜின் பக்கம் இருக்க வைத்து, மூடி, போல்ட்டை மாறி மாறி இறுக்கினேன். நீங்கள் அப்படித்தான் செய்வீர்கள், ஒரே பக்கம் முறுக்க மாட்டீர்கள். கூலன்ட் ஊற்றி, ரேடியேட்டர் மூடியைத் திறந்தே வைத்து, காற்றுக் குமிழி அடங்கும் வரை இன்ஜினை ஓடவிட்டேன். மேல் ஹோஸில் கை வைத்துக்கொண்டே நின்றேன். வெகுநேரம் சில்லென்று இருந்தது. திடீரென்று கை சுட்டது. வால்வு திறந்துவிட்டது.

சனிக்கிழமை அருள் வந்தான். அக்காவும் கூட இறங்கினார்கள். இந்த வண்டியில் ஏறவே மாட்டேன் என்றவர்கள். வெயிலில் ஏ.சி.யைப் போட்டு வண்டியை நிறுத்தி வைத்தே ஓடவிட்டுப் பார்த்தான் அருள். ஊசி நடுவில் வந்து நின்றது. நான் அவனுக்கு எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தேன். ஆணி, வால்வு, பால் பாத்திரம் எல்லாம். அவன் ஒரு கேள்வி கேட்பான், மடக்குவான் என்று எதிர்பார்த்தேன். "ஓகே சித்தப்பா, சூப்பர். அப்ப இருக்கட்டும், அந்த ஆளை வரவேணாம்னு சொல்லிடறேன்" என்று போனை எடுத்துக்கொண்டு கேட் பக்கம் போய்விட்டான். நல்ல பிள்ளைதான். வண்டி பிழைத்துக்கொண்டது. ஆனாலும் எனக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது.

நான் பானெட்டை மூடித் திரும்பினேன். அக்கா முன் சீட்டில், உங்கள் துண்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"போலாம் தம்பி" என்றார்கள்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறினோம். பெருங்களத்தூரில் வழக்கம்போல் எல்லாம் நின்றது. அன்றைக்கு நின்ற அதே தடுப்புச் சுவர். அக்கா வெளியே பார்க்கவில்லை, ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, முகத்தைத் திருப்பாமலே சொன்னார்கள்.

"நம்மூரு வெயிலுக்கு இதெல்லாம் எதுக்கு தம்பி? குளிர் நாட்டுக்காரன் வெச்சது."

என் வாய் தானாகத் திறந்துகொண்டது. "அப்படியில்லக்கா. இன்ஜினுக்கும் உடம்பு மாதிரி ஓர் அளவு சூடு வேணும்…"

"காலைல கண்ணு முழிக்கும்போதே வேர்த்துக்கிட்டுக் கிடக்குது. அதுக்குக் கதவு ஒண்ணு."

வண்டலூர் வரை சண்டை போட்டோம். உங்கள் வார்த்தை ஒன்றுகூட அவர்களுக்கு மறக்கவில்லை. கல்லறைக்குத் திருநாளன்று போகலாம் என்றார்கள் அக்கா; உயிரியல் பூங்கா வாசலில் வண்டியைத் திருப்பினேன்.

மாலையில் அவர்கள் மேடவாக்கம் போய்விட்டார்கள். இன்று ஞாயிறு. பூசைக்குப் போய் வந்தேன், சமைக்கவில்லை, போர்ட்டிகோவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆணியில் இப்போது இரண்டு வால்வு தொங்குகிறது. ஒன்று நீங்கள் எல்லாருக்கும் காட்டியது. இன்னொன்று யாருக்கும் காட்டாதது.

கல்லறைத் திருநாளுக்கு இந்த வண்டியில்தான் வருவோம், அக்காவும் நானும். கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவோம். அக்கா ஜெபமாலை சொல்லி முடித்ததும் நான் பேச ஆரம்பிப்பேன். வம்புக்கு இழுக்க நீங்கள் இல்லையே என்று வாயை மூடிக்கொண்டு நிற்கமாட்டேன், இது சத்தியம். நீங்கள் ஒத்துக்கொண்டது எனக்குத் தெரியும் என்பதையும் காட்டிக்கொள்ள மாட்டேன். முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். தெர்மோஸ்டாட் ஏன் வேண்டும் தெரியுமா, சகலை?

இன்னும் டார்ச்சை நேராகப் பிடிக்கத் தெரியாத,
உங்கள் சகலை
செல்வம்